மூன்றில் இரண்டோடு நிற்கும் தாக்கம்

உயர்தர இரசாயனவியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், "90 சதவீதம் முடிய எவ்வளவு நேரம்?" என்ற கணக்கு ஒருநாள் உங்கள் மேசைக்கும் வரும். சிலவேளை அதற்கு விடையே இருக்காது.

அசற்றிக் அமிலத்தையும் எதனோலையும் சம மூல் அளவில் கலந்தால் எதைல் அசற்றேற்றும் நீரும் உண்டாகும். நகப்பூச்சு அழிக்கும் திரவங்கள் சிலவற்றின் மணம் இந்த எஸ்தருடையதுதான். 1862 இல் பெர்த்தலோவும் பெயான் டு சான் ஜிலும் அளந்து பார்த்தார்கள். எவ்வளவு காத்திருந்தாலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அமிலமே மாறியது. உண்டான எஸ்தரும் நீரும் தமக்குள் தாக்கமுற்று மறுபடி அமிலமும் அற்ககோலும் ஆகிவிடுகின்றன.

எனவே முன்வேகத்திலிருந்து பின்வேகத்தைக் கழித்தே நேரத்தைக் கணிக்க வேண்டும். பிள்ளைகள் இதைத்தான் மறப்பார்கள். மாறிய பங்கு 'ப' என்றால், ஒருவழித் தாக்கத்துக்குரிய ப ÷ (1 − ப) என்ற சூத்திரமே கைக்கு வரும். இங்கே சமநிலை மாறிலி 4 (மூன்றில் இரண்டின் வர்க்கத்தை மூன்றில் ஒன்றின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள்). தொடக்கத்தில் நீரோ எஸ்தரோ இல்லாதபோது தொகையிட்டால் கிடைப்பது:

முன்வேக மாறிலி × தொடக்கச் செறிவு × நேரம் = இயற்கை மடக்கை [(1 − ப/2) ÷ (1 − 3ப/2)]

பாதி மாறுவதற்கு ஒருவழிச் சூத்திரம் 1 தரும், இது 1.10 தரும். வித்தியாசம் சிறிது என்பதால் பிழை கண்ணில் படாது. 65 சதவீதத்தில் 1.86 எங்கே, 3.30 எங்கே! 90 என்று கேட்டால் ஒருவழிச் சூத்திரம் கூசாமல் 9 என்கிறது. சரியான சூத்திரத்திலோ மடக்கைக்குள் மறை எண் வந்துவிடுகிறது. அப்படியொரு நேரமே இல்லை. 90 வேண்டுமானால் நீரை அகற்ற வேண்டும், அல்லது எதனோலைக் கூட்டிக் கலக்க வேண்டும். அப்போது சூத்திரமும் மாறும்.