இழுத்தால் வரணும்... இடுப்பு பிடிக்கக் கூடாது!

‘‘புது வீட்டுக்குக் குடி வந்து இருபது நாள்கூட ஆகலை... அதுக்குள்ள அத்தைக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. கண்ணு பட்டுடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்கடி!’’

பெரம்பலூர் துறைமங்கலத்தில் இருக்கும் தோழி போனில் புலம்பினாள். மறுவாரமே பார்க்கப் போனேன். கண்ணும் இல்லை, திருஷ்டியும் இல்லை. படுக்கையறைச் சுவரை அடைத்துக்கொண்டு பளபளவென்று நின்ற மாடுலர் வார்ட்ரோப்தான் குற்றவாளி!

அதில் மேலே கதவு, கீழே நான்கு டிராயர். கடைசி டிராயர் கிட்டத்தட்ட தரையைத் தொடுகிறது. மூன்றடி அகலம். கைப்பிடி கிடையாது, பலகையின் மேல் விளிம்பில் விரலை விட்டு இழுக்கிற மாதிரி ஒரு பள்ளம், அவ்வளவுதான். ‘இப்போ இதுதாங்க ஃபேஷன்’ என்று சொல்லிப் பொருத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். 68 வயது மாமியாரின் பட்டுப்புடவைகளும் போர்வைகளும் அந்தக் கடைசி டிராயரில்! காலையில் கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் குனிந்து, இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்திருக்கிறார். டிராயர் பாதியில் சிக்கியது. இடுப்பு பிடித்துக்கொண்டது.

நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் இல்லை. ‘படுத்தே கிடக்காதீங்க, வலி பொறுக்கிற அளவுக்கு வீட்டுக்குள்ளேயே மெல்ல நடங்க’ என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இடுப்பு பிடித்தால் பத்து நாள் கட்டிலோடு கிடக்கணும் என்பது பழைய கதை. கால் மரத்துப்போவது, சிறுநீர் போவதில் சிரமம் என்று ஏதாவது இருந்தால் மட்டும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

‘டிராயருக்கும் ஆரோக்கியத்துக்கும் என்னங்க சம்பந்தம்?’ என்று கேட்பவர்களுக்கு இந்த அம்மாவைத்தான் காட்ட வேண்டும்.

எந்த உயரத்தில் வைப்பது?

வார்ட்ரோப் ஆர்டர் கொடுக்கும்போது நாம் என்ன பார்க்கிறோம்? கலர், லேமினேட் டிசைன், கண்ணாடி! தினமும் அதைத் திறக்கப்போகிறவரின் உயரத்தை யாரும் அளப்பதில்லை. டேப்பைக் கையில் எடுங்கள். வீட்டில் அதை அதிகம் புழங்குபவர் நிற்கும்போது அவருடைய முழங்கால் எங்கே, முழங்கை எங்கே என்று சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். தினசரி டிராயர்கள் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்தால் போதும். ஐந்தடி உயரமுள்ள பெண்மணிக்கு அது தரையிலிருந்து சுமார் ஒன்றரை அடிக்கு மேல், மூன்றடிக்குள் இருக்கும். நெஞ்சு உயரத்துக்கு மேல் டிராயர் வைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. எட்டி எட்டிப் பார்த்துக் கையை விட்டுத் துழாவுவோம். தோள்பட்டை வலிக்காரர்களுக்கு அது தனி தண்டனை.

சரி, கீழே மிச்சமாகும் ஒன்றரை அடியை என்ன செய்வது? வருஷத்துக்கு இரண்டு தடவை எடுக்கிற சாமான்களுக்கு விடுங்கள். இல்லையென்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் துணிகளுக்குக் கொடுத்துவிடுங்கள். அதன் உயரத்துக்கு அதுதான் சரி. தானே மடித்து வைக்கவும் பழகும். பெரியவர்கள் அந்த டிராயரைத் திறந்தே ஆக வேண்டும் என்றால், ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு இழுக்கட்டும். நின்றபடி குனிந்து, குனிந்தபடியே திரும்பி கட்டிலில் துணியை வைப்பதுதான் இடுப்புக்கு ஆகவே ஆகாத வேலை.

கைப்பிடி விஷயத்தில் ஃபேஷனுக்கு மயங்காதீர்கள். விரல் மூட்டு வலி உள்ளவர்களால் சின்னக் குமிழையோ பள்ளத்தையோ பிடித்து இழுக்க முடியாது. நான்கு விரலும் தாராளமாக உள்ளே போகிற வளைவான கைப்பிடி போடுங்கள். அகலமான டிராயர் என்றால் நடுவில் நீளமாக ஒன்று. ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் டிராயர் கோணிக்கொண்டு சிக்கும்.

அகலத்துக்கு வருவோம். மூன்றடி டிராயர் பார்க்க ஜம்மென்று இருக்கும். நிறைய இடம் இருக்கிறதே என்று நாமும் திணிப்போம். கொஞ்ச நாளில் அடிப்பலகை தொங்கிவிடும். இரண்டடி அகலத்துக்குள் இருந்தால் நல்லது. ஆழம் எட்டு, ஒன்பது அங்குலம் தாராளம். அடிப்பலகை அட்டை மாதிரி மெல்லிசாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டிராயரின் உயிர் அது ஓடுகிற சானலில் இருக்கிறது. பால் பேரிங் வைத்த டெலஸ்கோப்பிக் சானல், டிராயரை முழுசாக வெளியே கொண்டுவரும். மலிவான உருளைச் சானல் முக்கால்வாசியோடு நின்றுவிடும். மிச்சத்துக்கு நாம்தான் குனிய வேண்டும்! 30 கிலோ, 45 கிலோ என்று ஒவ்வொரு ஜோடிக்கும் தாங்குகிற எடை உண்டு, கடையில் கேட்டு வாங்குங்கள். சானல் பொருத்த இரண்டு பக்கமும் அரை அங்குலம் இடம் தேவை. அந்த இடைவெளி கொஞ்சம் பிசகினாலும் டிராயர் இறுகும். தோழி வீட்டில் நடந்தது இதுதான். மெதுவாகத் தானே மூடிக்கொள்ளும் ‘சாஃப்ட் க்ளோஸ்’ வகை கொஞ்சம் விலை கூடுதல். ஆனால், சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் விரல் நசுங்காமல் காப்பாற்றும்.

மாடிப்படியாகும் டிராயர்

குழந்தை என்றதும் அரியலூரில் இருக்கும் தோழியின் தங்கை வீட்டு ஞாபகம் வருகிறது. பெரம்பலூரிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணம்தான். அங்கே இரண்டரை வயது வாண்டு ஒன்று. மேலே இருந்த சாக்லேட் டப்பாவை எடுக்க, டிராயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் படிக்கட்டாக்கி ஏறியிருக்கிறது! தனியாக நின்ற டிராயர் பெட்டி அப்படியே முன்னால் சாய, ரூமுக்குள் வந்த பாட்டி ஓடிப்போய்க் கையால் தாங்கிக்கொண்டார். அதைச் சொல்லும்போது இப்போதும் அவர் கை நடுங்குகிறது.

இது அபூர்வமான விபத்து என்று நினைக்காதீர்கள். டிராயர் அலமாரிகள் சாய்ந்து குழந்தைகள் இறந்ததால், 2016-ல் அமெரிக்காவில் ஐக்கியா நிறுவனம் சுமார் 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. எல்லா டிராயரும் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் எடை முழுக்க முன்னால் வந்துவிடும். அதில் குழந்தையும் ஏறினால் கேட்கவே வேண்டாம்.

‘எங்க வீட்டுது சுவரோட சேர்ந்தது’ என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மாடுலர் என்பது பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து அடுக்குவது. ஒவ்வொரு பெட்டியும் சுவரில் முடுக்கப்பட்டிருக்கிறதா என்று ஆள் போவதற்கு முன் நீங்களே பாருங்கள். பிளக் அடித்து, ஸ்க்ரூ பூச்சைத் தாண்டி செங்கல்லுக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் கரிசல் மண் நிறைய. மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரம் சரியில்லாத வீட்டில் சுவரும் கூடவே அசையும். சுவரில் வெடிப்பு தெரிந்தால் முதலில் அதைச் சரி செய்துவிட்டு வார்ட்ரோப் போடுங்கள். இல்லையென்றால் பெட்டி கோணி, நேற்றுவரை நன்றாக ஓடிய டிராயர் இன்றைக்கு அடம் பிடிக்கும்.

மரமா, பலகையா?

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரியுமல்லவா? ‘அவ்வளவு பக்கத்தில் ஆசாரிகள் இருக்கும்போது நமக்கெதுக்கு மாடுலர்?’ என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், அங்கே செதுக்குவது சாமி சிலைகள். டிராயர் வேறு கணக்கு. மரத்திலேயே டிராயர் வேண்டுமென்றால் நன்கு உலர்ந்த மரமா என்று பாருங்கள். பச்சை மரத்தில் செய்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் குடித்துப் பருத்து, இழுக்கவே வராது. பழைய தேக்கு டிராயர் அப்படி இறுகினால், ஓரங்களில் மெழுகுவத்தியைத் தேயுங்கள். வழுக்கிக்கொண்டு வரும்.

பலகை என்றால், அழுத்தி ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு விலை மலிவு. ஆனால் ஈரம் பட்டால் உப்பும், ஸ்க்ரூ பிடிக்காது. ஈரம் வரும் சுவர் என்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட் நல்லது. இன்னொரு விஷயம், புது வார்ட்ரோபைத் திறந்ததும் கண் எரிகிற மாதிரி ஒரு நெடி அடிக்கிறதே... பலகையை ஒட்டும் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு அது. புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு இதைச் சேர்த்திருக்கிறது. ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுத் திணறலும் வரலாம். ‘ஈ-1’ அல்லது ‘ஈ-0’ தரப் பலகை கேளுங்கள். வெட்டிய ஓரங்கள் எல்லாம் பட்டை ஒட்டி மூடப்பட்டிருக்க வேண்டும். மாட்டி முடித்த பிறகு சில வாரங்களாவது பகலில் டிராயர்களையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள். பிரசவத்துக்கு வரும் மகளுக்கென்று ரூம் தயார் செய்கிறவர்கள், கடைசி மாதத்தில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகள், சுண்ணாம்புக்கல் லாரிகள்... புழுதிக்குக் கேட்கணுமா! தும்மல், இளைப்பு உள்ளவர்களின் துணிகளுக்குத் திறந்த ஷெல்ஃபைவிட டிராயர்தான் சரி. ஆனால், சானலிலும் புழுதி படியும். இழுக்க வரவில்லையென்று தேங்காயெண்ணெய் விடுகிறோமே, அது தப்பு. எண்ணெயில் புழுதி ஒட்டிப் பிசுக்காகி இன்னும் இறுகும். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

டிராயருக்குள் என்ன போடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்துருண்டை! குழந்தைகள் மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுவிடும். ஜி-6-பி-டி என்ற என்சைம் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு, இது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். அந்துருண்டை போட்டு வைத்த பழைய துணியைப் பச்சைக் குழந்தைக்குச் சுற்றினாலே போதும், இந்த ஆபத்து உண்டு. பிறந்த குழந்தைக்கு என்ன குறைபாடு என்று நமக்கென்ன தெரியும்? காய்ந்த வேப்பிலையோ வசம்போ துணி முடிச்சில் கட்டிப் போடுங்கள். அதுவும் குழந்தை கைக்கு எட்டாமல். தப்பித் தவறி அந்துருண்டையை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாலும் எண்ணெயும் கொடுக்காதீர்கள். கொழுப்போடு சேர்ந்தால் விஷம் வேகமாக ஏறும். 108-ஐக் கூப்பிட்டு, பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாம் பூட்டுள்ள மேல் அலமாரிக்குப் போகட்டும். பருத்தி, மக்காச்சோளம் போடும் வீடுகளில் பூச்சிமருந்துப் பாட்டில் துணி டிராயருக்குள் ‘பத்திரமாக’ இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு வீட்டுக்குள்ளேயே இடம் கிடையாது!

தோழி வீட்டு வார்ட்ரோபை என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே... புதுசாக எதுவும் வாங்கவில்லை. உள்ளூர் ஆசாரி ஒருவர் வந்தார். கடைசி டிராயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைப் போர்வை அடுக்கும் தட்டாக்கினார். மற்ற மூன்றுக்கும் சானலை மாற்றி, இடைவெளியைச் சரி செய்து, நீளக் கைப்பிடி போட்டார். இரண்டு நாள் வேலை. மாமியாரின் புடவைகள் மேல் டிராயருக்கு வந்துவிட்டன.

‘‘ஏம்மா, இதை முதல்லயே என்னைக் கேட்டுச் செஞ்சிருக்கலாம்ல?’’ என்றார் அவர், ஒற்றை விரலால் டிராயரை இழுத்துப் பார்த்துக்கொண்டே. தோழி என்னைப் பார்த்தாள். நான் காபி டம்ளரைப் பார்த்தேன்!