பழைய காற்றுத் துப்பாக்கிக்கு மறுவாழ்வு

நந்தனம், மயிலாப்பூர், அடையாறு பக்கத்துப் பழைய வீடுகளில் பரணை ஒழிக்கும்போது, டிரங்குப் பெட்டிக்குப் பின்னாலிருந்து சில சமயம் ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைக்கும். குழலெல்லாம் துரு, கட்டையில் உளு அரித்த துளைகள். மடக்கிப் பார்த்தால் உள்ளே ஏதோ உரசும் சத்தம். வீட்டில் யாருக்கும் அதை என்ன செய்வதென்று தெரியாது. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடை போட்டு எடுத்துப் போவார். நல்ல எஃகில் கடைந்து செய்த ஒரு இயந்திரம் அப்படிப் போவது பெரிய இழப்பு. கொஞ்சம் பொறுமையும் ஒரு வைஸும் இருந்தால் அதில் பெரும்பாலானவற்றை மீண்டும் இயங்க வைக்கலாம். உலகம் முழுக்க இதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கைவேலைக்கு வேண்டிய பொருளும் ஆளும் சென்னையில் தாராளம்.

முதலில் இந்தத் துப்பாக்கியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஸ்பிரிங் வகைத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. முன்கூட்டி அடைத்துவைத்த காற்றும் கிடையாது. குழலைக் கீழ்நோக்கி மடக்கும்போது ஒரு இரும்புத் தண்டு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். பிஸ்டனுக்குப் பின்னால் உள்ள தடித்த ஸ்பிரிங் சுருங்கும். கடைசியில் பிஸ்டன் ஒரு கொக்கியில் மாட்டி நிற்கும். குழலின் பின்வாயில், இடுப்பு சிறுத்த சின்ன ஈயக் குண்டை வைத்துக் குழலை நிமிர்த்த வேண்டும். விசையை இழுத்ததும் கொக்கி விடுபட்டு பிஸ்டன் பாயும். முன்னாலிருக்கும் காற்றுக்கு வெளியேற ஒரு சிறு துளைதான் வழி. அங்கே நெருக்குண்டு, பல நூறு டிகிரி சூடேறி, அந்தக் காற்று குண்டை உந்துகிறது. பிஸ்டன் தன் பயணத்தை ஏறக்குறைய முடித்த பிறகுதான் குண்டு நகரத் தொடங்கும். மிச்சக் காற்றின் மேல் மோதிய பிஸ்டன் கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி முன்னே வந்து அடங்கும். இவ்வளவும் நடந்து முடிய நொடியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு போதும்.

இதிலிருந்தே இந்தத் துப்பாக்கியின் குணம் புரிந்துவிடும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் போய் முட்டும்போது முன்னால் உதைக்கும். குண்டு குழலுக்குள் இருக்கும்போதே இந்த இரட்டை உதை தொடங்கிவிடுகிறது. அதனால்தான் இறுக்கிப் பிடித்துச் சுடுகிறவருக்குக் குறி தவறும். உள்ளங்கையில் லேசாகத் தாங்கி, துப்பாக்கி தன் போக்கில் உதைக்க விடுகிறவருக்குக் குறி நிற்கும்.

பரணில் கிடைப்பவை எங்கிருந்து வந்தவை? ஆங்கிலேயர் காலத்து வீடென்றால் அது பி.எஸ்.ஏ. ஆக இருக்கலாம். பர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கிக் கைவினைஞர் லிங்கன் ஜெஃப்ரீஸ் 1904-இல் காப்புரிமை கேட்ட அமைப்பைத்தான் பி.எஸ்.ஏ. தொழிற்சாலை பெருமளவில் செய்து உலகெங்கும் அனுப்பியது. ஜெர்மனியின் ராஷ்டாட் ஊரில் 1890-இல் தொடங்கிய நிறுவனத்தின் டயானா இன்னொன்று. வேட்டைத் தெய்வம் தன் வில்லையும் அம்பையும் எறிந்துவிட்டுத் துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் முத்திரையை வைத்து அதை உடனே அடையாளம் காணலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தத் தொழிற்சாலையின் இயந்திரங்கள் போர் இழப்பீடாக பிரிட்டனுக்குப் போயின. டயானா என்ற பெயரும் கூடவே போனது. ஸ்காட்லாந்தில் மில்ப்ரோ என்ற நிறுவனம் அந்தப் பெயரில் துப்பாக்கி செய்தது. ஜெர்மானியர் பிரிட்டன் சந்தையில் 'ஒரிஜினல்' என்ற பெயரில் விற்க வேண்டியதாயிற்று. ஆகவே ஒரே பெயர் பொறித்த இரண்டு துப்பாக்கிகள் இரு வேறு நாட்டுப் பிறப்பாக இருக்கலாம். உதிரி பாகம் தேடும்போது இது முக்கியம்.

நம் ஊரில் அதிகம் கிடைப்பவை இந்தியத் தயாரிப்புகள்தான். சாக்கடைக் குழாய்க்குப் பெயர்பெற்ற இந்தியன் ஹியூம் பைப் நிறுவனம் ஐ.ஹெச்.பி. முத்திரையோடு ஏர் ரைபிள் செய்தது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். டயானாவின் 35-ஆம் மாடலை ஒட்டிய அந்தத் துப்பாக்கிகள் கனமானவை, முரட்டுத்தனமானவை, எளிதில் சாகாதவை. மெரினா மணலில் பலூன் சுடும் கடைகளில் இருக்கும் துப்பாக்கிகளைக் கவனித்துப் பாருங்கள். உப்புக் காற்றிலும் மணலிலும், ஆயிரம் கைகள் மடக்கி மடக்கி, அவை இன்னும் சுட்டுக்கொண்டிருக்கின்றன. முறையாகப் பராமரித்தால் இந்த இயந்திரம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி பிரிக்கும் வேலை. இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். மடக்காத நிலையிலும் ஸ்பிரிங் ஓரளவு அழுத்தத்தோடுதான் உள்ளே இருக்கும். பின்மூடியை வெறுங்கையால் கழற்றினால் அது முகத்தை நோக்கிப் பாயும். தச்சர்கள் பலகை ஒட்டும்போது இறுக்கும் நீளமான கிளாம்பில் துப்பாக்கியை அடக்கி, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுப்பதே முறை. டயானா 27, 35 மாடல்களின் விசையமைப்பில் மூன்று சிறு எஃகு குண்டுகள் உண்டு. பிஸ்டனைப் பிடித்து நிறுத்துவது அவைதான். கழற்றும்போது அவை உருண்டு ஓடும். ஆகவே கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்வது நல்லது. திரும்ப மாட்டும்போது கெட்டியான கிரீஸில் ஒட்டவைத்தால்தான் மூன்றும் தம் குழியில் நிற்கும்.

பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவி வைத்த பிறகு நோயறியும் வேலை. ஸ்பிரிங்கைக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தால் வளைவு இருப்பது தெரிந்துவிடும். சிலிண்டரின் உட்சுவரில் நீளக் கீறல் விழுந்திருந்தால் உள்ளே மணலோ இரும்புப் பிசிரோ போயிருக்கிறது. குழல் மடங்கும் இடத்துப் போல்ட்டில் ஆட்டம் இருந்தால் எவ்வளவு நல்ல குழலும் குறி தவறும். பின்வாய் மூடுமிடத்தில் காற்று கசிகிறதா என்று பார்க்க, அங்கே மெல்லிய டிஷ்யூ துண்டை வைத்து, குண்டு போட்டுச் சுட வேண்டும். தாள் பறந்தால் அங்குள்ள சின்ன வாஷரை மாற்ற வேண்டும். சில ரூபாய் வேலை இது. ஆனால் செத்த துப்பாக்கி என்று ஒதுக்கப்பட்டவற்றில் பல இந்த ஒரு வாஷரிலேயே பிழைத்துவிடுகின்றன.

பிஸ்டன் தலையில் இருக்கும் தோல் வாஷர்தான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சைக்கிள் பம்பில் இருக்கும் கிண்ணம் போன்ற தோல் வாஷரைப் பார்த்திருப்பீர்கள். அதே அமைப்புதான், அளவு பெரிது. எல்லாத் தோலும் இதற்கு ஆகாது. குரோமியத்தில் பதனிட்ட தோலை நனைத்து அச்சில் அழுத்தினால் அந்த வடிவம் நிற்காது. மரப்பட்டையில் பதனிட்ட தோல் நிற்கும். தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட தோலுக்கு ஈஸ்ட் இந்தியா லெதர் என்று உலகச் சந்தையிலேயே பெயர் உண்டு. 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நந்தனத்துக்கு எட்டிய தூரத்தில், அடையாறில்தான் இருக்கிறது. தோல் வாங்கப் பெரியமேடு. வட்டமாக வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய அச்சில் அழுத்தி, நிழலில் காயவைத்து, பிறகு எண்ணெயில் ஊறவிட்டால் வாஷர் தயார். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன் வேறொரு நாட்டில் செய்த துப்பாக்கிக்குள் நம் ஊர்த் தோல் போய்ப் பொருந்தி, முதல் தடவை காற்றைப் பிடித்து நிறுத்தும்போது வரும் நிறைவு தனி.

எண்ணெய் விஷயத்தில்தான் பலர் துப்பாக்கியைக் கெடுக்கிறார்கள். துரு பிடித்திருக்கிறதே என்று தையல் மெஷின் எண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ காற்றறைத் துளையில் ஊற்றுவார்கள். அடுத்த குண்டு பட்டாசுச் சத்தத்தோடு புகை கக்கிக்கொண்டு போகும். துப்பாக்கிக்குப் பழைய வேகம் வந்துவிட்டதென்று மகிழ்வார்கள். டீசல் என்ஜினில் நடப்பதேதான் அங்கேயும் நடக்கிறது: அழுத்தத்தில் சூடேறிய காற்று எண்ணெயை எரித்துவிடுகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த கார்டியூ தந்தையும் மகனும் 1970-களில் ஹெச்.டபிள்யூ. 35 என்ற ஜெர்மன் துப்பாக்கியைக் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் சூழலில் வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். குண்டின் வேகம் வெகுவாகக் குறைந்தது. அதாவது, மிகச் சிறிய அளவு மசகு எரிவது இயல்பான இயக்கத்திலேயே சேர்ந்தது. அளவு மீறினால்தான் வெடிப்பு. அந்த வெடிப்பு வாஷரைக் கருக்கும், ஸ்பிரிங்கை முறிக்கும். ஆகவே தோல் வாஷருக்கு அவ்வப்போது ஓரிரு துளி. ரப்பர், பிளாஸ்டிக் வகை வாஷருக்கு அதுகூட வேண்டாம். பிஸ்டன் பக்கங்களில் மாலிப்டினம் பசையை விரல் நுனியால் மெல்லப் பூசினால் போதும். குண்டில்லாமல் வெறுமனே சுடுவதும் இதே கேட்டைத்தான் செய்யும்; பிஸ்டனைத் தாங்கக் காற்று மெத்தை இல்லாமல் இரும்பில் இரும்பு மோதும்.

டியூனிங் என்றால் வேகத்தைக் கூட்டுவது என்றே பலர் நினைக்கிறார்கள். புதிதாக வருகிறவர் முதலில் தேடுவது கடினமான ஸ்பிரிங்கைத்தான். என் அனுபவத்தில் அது தவறான பாதை. கடின ஸ்பிரிங் மடக்கும் சிரமத்தையும் உதையையும் கூட்டும், குறியைக் கெடுக்கும். நல்ல டியூனிங் செய்வது இதற்கு நேர் எதிர். ஸ்பிரிங்குக்குள் ஆடாமல் பொருந்தும்படி ஒரு வழிகாட்டிக் குழாயை லேத்தில் கடைந்து வைக்கிறோம். ஸ்பிரிங்கின் இரு முனைகளையும் தட்டையாகத் தேய்த்து மெருகேற்றுகிறோம். உள்ளே உள்ள கூர்மையான ஓரங்களைச் சீவிவிடுகிறோம். ஸ்பிரிங் மேல் கெட்டியான கிரீஸை மெல்லிசாகப் பூசுகிறோம். இதன்பின், சுட்டதும் 'டொய்ங்' என்று அதிரும் துப்பாக்கி ஒரே ஒரு மந்தமான தட்டலோடு அடங்கும். வேகம் நொடிக்குச் சில மீட்டர் குறைந்தால்கூட, பத்து மீட்டரில் குண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது அந்தப் புள்ளியைக் குறிவைத்துத்தான். அங்கே யாரும் வேகத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை.

வேகத்தில் மயங்காமல் இருக்கச் சட்டமும் ஒரு காரணம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேல் குழல் விட்டமோ, 20 ஜூலுக்கு மேல் ஆற்றலோ உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவை. அரை கிராம் குண்டு நொடிக்கு 200 மீட்டர் போனால் ஆற்றல் 10 ஜூல். 280 மீட்டரைத் தாண்டினால் எல்லையைத் தொட்டுவிடும். பரணில் கிடைத்த ஆங்கிலத் துப்பாக்கி 5.5 மில்லிமீட்டர் வகையாக இருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் தொடுவதற்கு முன் காவல்துறையில் விசாரித்துவிடுங்கள்.

கடற்கரை ஊரில் துருவோடு போராடுவது தினசரி வேலை. வியர்வைக் கையால் தொட்ட இடத்தில் மறுநாளே செம்புள்ளி தெரியும். தொட்டபின் எண்ணெய்த் துணியால் துடைப்பதைப் பழக்கமாக்க வேண்டும். துணி உறையும் ஸ்பாஞ்ச் பெட்டியும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆகவே திறந்த அலமாரியே மேல். கட்டையைத் தேய்த்து வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்குவதை நான் விரும்புவதில்லை. ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லத் தேய்த்தால் பழைய மரத்தின் நிறமும், பல கைகள் பட்ட தேய்மானமும் அப்படியே நிலைக்கும்.

குழலை மடக்கிக் குண்டு போடும்போது ஒரு கை குழலை விடவே கூடாது. கொக்கி நழுவினால் விரல் போய்விடும். இலக்குக்குப் பின்னால் பழந்துணி அடைத்த கெட்டியான பெட்டி வேண்டும். காக்கை, அணில், புறா எதையும் குறிவைக்காதீர்கள். சிறுவயதில் ஏர் கன்னால் ஒரு குருவியை வீழ்த்திய சாலிம் அலி, அது என்ன பறவை என்று கேட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய், வாழ்நாள் முழுதும் பறவைகளைக் காப்பவரானார். நமக்குக் காகித இலக்கு போதும்.

தொடங்க விரும்புகிறவர்கள் முதலில் ஒரு சாதாரண இந்தியத் துப்பாக்கியைப் பிரித்து மாட்டிப் பழகுங்கள். விலை குறைவு, பாகம் கடைந்து வாங்குவதும் எளிது. பி.எஸ்.ஏ.யோ ஜெர்மன் டயானாவோ கையில் இருந்தால் அவசரப்படாமல் எண்ணெய் துடைத்து வையுங்கள். கை பழகும்வரை அதன் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள்.