‘படிப்பு ஏறவில்லை’ என்று ஒதுங்கிய பெரியவர்களுக்கும் பரிசோதனை உண்டு

புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நாள் முழுக்கக் கணக்கை மனத்திலேயே வைத்து வியாபாரம் செய்யும் ஒருவர், வங்கியில் படிவத்தை நீட்டினால் மட்டும், “கண்ணாடி கொண்டு வரல, நீங்களே எழுதிடுங்க” என்று நழுவலாம். நம் குடும்பங்களிலும் இப்படி ஓர் அத்தாவோ மாமாவோ இருப்பார். சிறுவயதில் ‘மக்கு’, ‘சோம்பேறி’ என்று கேட்டுக்கேட்டு, தன்னைப் பற்றி அவரே அப்படி நம்பிவிட்டிருப்பார்.

இது கற்றல் குறைபாடாக இருக்கலாம். அறிவுத்திறன் குறைவு வேறு, இது வேறு. எழுத்தையும் அதன் ஒலியையும் மூளை இணைக்கும் விதத்தில் உள்ள மாறுபாடுதான் டிஸ்லெக்சியா. எழுதுவதில் வரும் சிரமத்தை டிஸ்கிராஃபியா என்றும், கணக்கில் வருவதை டிஸ்கால்குலியா என்றும் சொல்வார்கள். வயதானால் இது தானாக மறைவதில்லை. மறைக்கும் வழிகளைத்தான் மனிதர் கற்றுக்கொள்கிறார்.

ஏன் அன்றே தெரியவில்லை?

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவே இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அதற்கு முன் பள்ளியை முடித்தவர்களில், அல்லது பாதியில் விட்டவர்களில், பலரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

இப்போது என்ன செய்யலாம்?

முதலில் கண், காது பரிசோதனை. பிறகு மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பாருங்கள். புதுச்சேரியில் இருப்பவர்களுக்குக் கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு உண்டு. நம் நாட்டில் பரவலாகப் பயன்படும் நிம்ஹான்ஸ் பரிசோதனைத் தொகுப்பு பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவானது. ஆகவே பெரியவர்களிடம் சிறுவயது வரலாறு முக்கியம். பழைய மதிப்பெண் அட்டை, நோட்டு இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். உம்மாவோ அக்காவோ உடன் வந்தால் நல்லது. சரியாகக் கற்பிக்கப்படாததால் வந்த சிரமமா, குறைபாடா என்று பிரித்தறிய இது உதவும்.

குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்றிதழ் பெற்றவர்கள், விடுபட்ட தேர்வை எழுதும்போது மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும், எழுதித்தர உதவியாளரும் கேட்கலாம். அன்றாட வாழ்க்கைக்குக் கைப்பேசியே பெரிய துணை. எழுத்தை அது வாசித்துக் காட்டும். பேசினால் தமிழில் எழுதும்.

வீட்டார் கவனத்துக்கு

கற்றல் குறைபாடு குடும்ப வழியாகவும் வரக்கூடியது. அத்தாவுக்கு இருப்பது தெரிந்தால், பள்ளியிலும் மதரஸாவிலும் எழுத்துக் கூட்டத் திணறும் மகனை அடிப்பதற்கு முன் யோசிப்போம். திக்கித் திணறி ஓதுபவருக்கு இரண்டு கூலி என்று நபிமொழி கூறுகிறது. திணறுபவரைக் கேலி செய்ய நமக்கு என்ன உரிமை?

நாற்பது வயதிலோ ஐம்பதிலோ பரிசோதித்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றலாம். இத்தனை ஆண்டுகள் சுமந்த அவமானம் தன் தவறால் வந்ததல்ல என்று ஒருவருக்குத் தெரிவதே பெரிய விடுதலை. அவருடைய பிள்ளைக்கு அந்த அவமானம் தொடங்காமலே போகும்.