நீர் சுழற்றிய கல்

மொன்றியலின் அஹுன்ட்சிக் ஆற்றங்கரைப் பூங்காவில், விசித்தாசியோன் தீவுக்குச் செல்லும் அணைமீது நிற்கும் இடிந்த கற்சுவர்கள் எதனுடையவை என்று வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். மொன்றியல் தீவின் நிலக்கிழார்களாயிருந்த சுல்பிசியக் குருமார், 1726-இல் விசித்தாசியோன் தீவுக்கும் கரைக்கும் நடுவே ஓடும் கிளையாற்றின் குறுக்கே அணை எழுப்பி, அதன்மேல் தொடங்கிய ஆலைகளின் எச்சம் அது. தேங்கி உயர்ந்த நீர் ஆலைக்கு அடியில் பாய்ந்து சக்கரத்தைச் சுழற்ற, மேலே கல் கோதுமையை அரைத்தது. எங்கள் அப்பாச்சி திரிகையில் உளுந்து உடைக்கும்போது கை ஓய்ந்தால் கல்லும் ஓயும். இங்கே கையின் வேலையை ஆறே செய்தது. நிலக்கிழாரின் ஆலையைவிட்டு வேறிடம் போகக் குடியானவனுக்கு அக்காலத்தில் உரிமை இருக்கவில்லை. அரைவைக் கூலியாகத் தானியத்தில் 14-இல் ஒரு பங்கைக் கொடுத்தே ஆகவேண்டியிருந்தது. பிற்காலத்தில் அதே நீர் மரம் அறுத்தது, அட்டைத் தொழிற்சாலையையும் நடத்தியது.

நீராலை விஷயத்தில் என் மனத்தை நெடுங்காலமாக ஆட்கொண்டிருப்பது, ஜஸ்டினியன் சக்கரவர்த்தியின் சேனாபதியான பெலிசாரியஸ் ரோமாபுரியில் கண்ட யுக்தி. 537-இல் நகரை முற்றுகையிட்ட கோத்தியர் கால்வாய்களைத் துண்டித்துவிட, ஜனிக்குலம் குன்றின் சரிவிலிருந்த ஆலைகள் நின்றுபோயின. கோதுமை இருந்தும் மாவில்லை என்ற நிலை. தைபர் நதிப் பாலத்துக்குக் கீழே, பிரவாகம் மிகுந்த இடத்தில், கரைக்குக் கரை கயிறு கட்டி, இரண்டடி இடைவெளியில் இரு படகுகளைப் பிணைத்து, படகுக்கு இரண்டாக அரைவைக் கற்களை ஏற்றி, நடுவே சக்கரத்தைத் தொங்கவிட்டார் அவர். அதன் பின்னே இப்படியே படகுகள் வரிசையாக நின்றன. செய்தியறிந்த கோத்தியர், மரங்களையும் கொல்லப்பட்ட ரோமானியரின் உடல்களையும் ஆற்றில் விட்டுச் சக்கரங்களை உடைத்தபோது, பாலத்துக்கு மேலே நீண்ட இரும்புச் சங்கிலிகளைக் குறுக்கே கட்டி, மிதந்து வந்தவற்றையெல்லாம் தடுத்துக் கரையேற்றச் செய்தார். இத்தனையையும் எழுதிவைத்த புரோகோப்பியஸ் அப்போது அவருடனேயே இருந்தவர்.

அதே 537-இல்தான் கான்ஸ்டான்டிநோப்பிளில் ஜஸ்டினியன் கட்டிய ஹாகியா சோபியா ஆலயம் திறக்கப்பட்டது. அதன் விமானத்தைப் பள்ளிப்பிள்ளையும் அறியும். பசித்த நகருக்கு மாவரைத்துக் கொடுத்த படகுகளைச் சரித்திரப் பாடம் ஒரு வரியிலும் சொல்லுவதில்லை. சாம்ராஜ்யங்களின் மாட்சியைச் சிகரங்களால் மட்டும் அளந்து, அணையையும் கால்வாயையும் ஆலையையும் அலட்சியம் செய்வது நியாயமன்று என்பதே என் துணிபு; நம் ஊர்க் குளங்கள் தூர்ந்துகிடப்பதற்கும் அந்த அலட்சியமே வேர். பெலிசாரியஸின் மிதவை ஆலைகளோ முற்றுகையோடு மறைந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் தைபர் நதியில் அத்தகைய ஆலைகள் ரோமாபுரிக்கு மாவரைத்துக்கொண்டிருந்தன.