பல்பை மாற்றினேன், எர்த்தைப் பார்க்கவில்லை

எங்கள் வீட்டில் 1998-ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்று இருக்கிறது. மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து கரமனை வீட்டுக்கு வந்தது அதில்தான். அதனால் அதை விற்பது பற்றி யாரும் பேசுவதில்லை. பதினைந்து வருடம் முடிந்தபின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பித்து ஓட்டி வருகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் பின்விளக்குகள் மங்கலாக எரிந்தன. "எல்.இ.டி. பல்பு போடுங்க மாமா, பளிச்சுனு இருக்கும்" என்றான் மருமகன் முறையுள்ள பையன். அவனே வரவழைத்துப் பின்விளக்கு, பிரேக், இண்டிகேட்டர் எல்லாவற்றிலும் மாட்டிவிட்டான். பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் இரண்டு வாரத்தில் பின்விளக்கு துடிக்க ஆரம்பித்தது. இண்டிகேட்டரோ போட்டவுடன் படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நாகர்கோவிலில் ஒரு கல்யாணம் முடிந்து இரவில் திரும்பினோம். களியக்காவிளை தாண்டியதும் நல்ல மழை. நெய்யாற்றின்கரை அருகே ஒரு வளைவில் பிரேக் பிடித்தேன். பின்னால் டயர் வழுக்கும் சத்தம். பைக்கில் வந்த ஓர் இளைஞன் மயிரிழையில் ஒதுங்கி, பக்கத்தில் வந்து, "அண்ணா, பின்னிலத்தெ லைட்டு கத்துன்னில்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"அவன் விழுந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று மனைவி கேட்டாள். பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

மறுநாள் காலையிலேயே கிள்ளிப்பாலத்தில் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் முதலில் செய்தது, எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரண 21 வாட் பல்பைப் போட்டதுதான். அதுவும் மங்கலாகவே எரிந்தது! இண்டிகேட்டரைப் போட்டால் அதன் தாளத்துக்கே பின்விளக்கும் ஏறி இறங்கியது. "எர்த்து கிட்டுன்னில்ல, ஸாறே" என்று சிரித்தார்.

விஷயம் இதுதான். பாட்டரியின் நெகட்டிவ் முனை காரின் உடம்போடு இணைந்திருக்கும். விளக்குக்குப் போன மின்சாரம் அந்த இரும்பு உடம்பு வழியாகவே திரும்ப வேண்டும். நம் ஊரில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். கடலோ கூப்பிடு தூரத்தில். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து, டிக்கிக்குள் எர்த் கம்பி முறுக்கிய இடத்தைத் துருப்பிடிக்க வைத்திருந்தன. விளக்கின் எர்த்துக்கும் பாட்டரி நெகட்டிவுக்கும் இடையே மீட்டர் வைத்தார். ஏறக்குறைய இரண்டு வோல்ட் காட்டியது. துரு தின்ற வோல்ட் அது.

அப்படியானால் எல்.இ.டி. மட்டும் ஏன் அப்படித் துடித்தது? பழைய பல்பில் இருப்பது டங்ஸ்டன் இழை. மின்சாரம் ஒரு கணம் விட்டுவிட்டு வந்தாலும், இழையின் சூடு சட்டென்று ஆறாது, குறையை மறைத்துவிடும். எல்.இ.டி.க்கு அந்தச் சூடு கிடையாது. மின்சாரம் விட்டால் உடனே அணையும், வந்தால் உடனே எரியும். குற்றத்தைப் புது பல்பு உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுத்தது.

எர்த் ஆணியைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு வெளுக்கத் தேய்த்து, புது முனை வைத்து இறுக்கி, மேலே வாசலின் தடவினார். பல்பு ஹோல்டரையும் சுத்தம் செய்தார். மீட்டர் 0.1 வோல்ட்டுக்குள் இறங்கியது. பழைய பல்பே பிரகாசமாக எரிந்தது. நான் எல்.இ.டி. வாங்கியதே அனாவசியம் என்று அப்போது விளங்கியது.

இண்டிகேட்டர் படபடத்தது வேறு கதை. பக்கத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டு 21 வாட் பல்புகள். இரண்டும் சேர்ந்து சுமார் மூன்றரை ஆம்பியர் இழுக்கும். அதைக் கொண்டுதான் ஃபிளாஷர் ரிலே பல்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிகிறது. எல்.இ.டி. இழுப்பது அதில் சிறு பங்கு. ஒரு பல்பு போய்விட்டது என்று ரிலே நினைத்து, வேகமாக அடித்து எச்சரிக்கிறது. இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்டுவதே முறை. என்னுடையது 160 முறை சிமிட்டியது.

இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, பல்போடு லோடு ரெசிஸ்டர் இணைப்பது. அது நன்றாகச் சுடும். பிளாஸ்டிக்கின் மேலோ ஒயரின் மேலோ படக்கூடாது. மற்றொன்று, எல்.இ.டி.க்கென உள்ள ரிலேயை மாட்டுவது. இதுவே சுத்தமான வழி. ஆனால் அதன்பின் ஒரு பல்பு போனாலும் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் கிடைக்காது.

நான் மூன்றாவது வழியை எடுத்தேன். பழைய பல்புகளையே எல்லா இடத்திலும் திரும்பப் போடச் சொன்னேன். அந்த விளக்குக் கிண்ணமே இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது என்று எலக்ட்ரீஷியனும் ஒத்துக்கொண்டார்.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளக்கு மங்கினால் பல்பு வாங்க ஓடாதீர்கள். முதலில் எர்த்தைப் பாருங்கள். மாதம் ஒருமுறை இருட்டியபின் வீட்டில் ஒருவரைப் பின்னால் நிறுத்தி, பிரேக்கை மிதித்து, எரிகிறதா என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பை மனைவி ஏற்றுக்கொண்டுவிட்டாள். ஒரு மாதம்கூடத் தவறவிடுவதில்லை.