உயிரணு இப்போது என்ன செய்கிறது? ஆர்.என்.ஏ. ரேகை சொல்லும்

“டீச்சர், எல்லா உயிரணுவிலும் ஒரே டி.என்.ஏ. என்றால், கல்லீரலில் ஏன் முடி முளைப்பதில்லை?” நான்காம் படிவ மாணவன் ஒருவன் இப்படிக் கேட்டதும் வகுப்பே சிரித்தது. ஆனால் அது நல்ல கேள்வி.

நூலகத்தில் சில நூல்களை வெளியே கொண்டுபோக முடியாது. தேவையான பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கொள்வோம். டி.என்.ஏ. அப்படிப்பட்ட நூல், தூது ஆர்.என்.ஏ. அதன் நகல். மனிதனிடம் புரதம் உருவாக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000 உள்ளன. தோல் உயிரணு அவற்றில் சிலவற்றை நகலெடுக்கிறது, கல்லீரல் உயிரணு வேறு சிலவற்றை. இதையே மரபணு வெளிப்பாடு என்கிறோம்.

குற்றப் புலனாய்வில் பயன்படும் டி.என்.ஏ. ரேகை, ‘இவர் யார்’ என்று சொல்லும். ஆர்.என்.ஏ. ரேகையோ, ‘இந்த உயிரணு இப்போது என்ன செய்கிறது’ என்று சொல்லும்.

அத்தகைய ரேகையை எடுக்கும் ஒரு முறையை 1992இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெங் லியாங், ஆர்தர் பார்டீ என்ற இரு விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். தூது ஆர்.என்.ஏ.வின் முடிவில் ‘ஏ’ என்ற எழுத்து வரிசையாக நீளும் ஒரு வால் உண்டு. ‘ஏ’வுடன் ‘டி’ இணையும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? ஆகவே, ‘டி’ எழுத்துகளால் ஆன சிறு இழை அந்த வாலில் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து தொடங்கி, ஒரு நொதி ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. இழையைக் கட்டுகிறது. எச்.ஐ.வி. போன்ற வைரஸ்களிடம் இருக்கும் நொதி வகை அது! பிறகு, ஏதாவது பத்து எழுத்துகள் கொண்ட இன்னோர் இழையைச் சேர்த்து, கோவிட் காலத்தில் நாம் அடிக்கடி கேள்விப்பட்ட பி.சி.ஆர். முறையில் பெருக்குகிறார்கள். அந்தப் பத்து எழுத்துகள் ஒவ்வொரு மரபணுவிலும் ஒவ்வோர் இடத்தில் பொருந்துவதால், வெவ்வேறு நீளமுள்ள துண்டுகள் கிடைக்கும். அவற்றைக் கூழ்மத்தில் மின்சாரம் செலுத்திப் பிரித்தால், குட்டைத் துண்டுகள் வேகமாக ஓடும், நீளமானவை பின்தங்கும். எக்ஸ்ரே படச்சுருளில் பதியும்போது, கடைப் பொருள்களில் இருக்கும் பட்டைக் குறியீடு போலத் தெரியும்.

அதே ஆண்டில், இயல்பான மார்பக உயிரணுக்களையும் மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் இருக்கும் கோடு மற்றொன்றில் இல்லையென்றால், அங்கே ஒரு மரபணு அணைந்திருக்கலாம். அந்தக் கோட்டை வெட்டியெடுத்து, எழுத்துகளைப் படித்து, எந்த மரபணு என்று தேடலாம்.

‘அணைந்திருக்கலாம்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். பி.சி.ஆர். சின்ன வேறுபாட்டையும் ஊதிப் பெரிதாக்கிவிடும், ஆர்.என்.ஏ. சிதைந்திருந்தாலும் கோடு மறையும். இந்த முறையில் பொய்க் கோடுகள் தொல்லை நிறைய. அதனால், சோதனையை மறுபடியும் செய்து, வேறொரு முறையிலும் உறுதிசெய்த பிறகே நம்புவார்கள். டைட்ரேஷனை ஒரே முறை செய்துவிட்டு அறிக்கை எழுதும் என் மாணவர்கள் இதைக் கவனிக்கவும்!

1995இல் மைக்ரோஅரே வந்தது. அதன் முதல் சோதனை, கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றின் 45 மரபணுக்களை ஒரே நேரத்தில் அளந்தது. இப்போது எல்லா மரபணுக்களின் நகல்களையும் நேரடியாகவே படித்து எண்ணிவிடுகிறார்கள். மருத்துவமனைக்கும் இது வந்துவிட்டது. சிலவகை மார்பகப் புற்றுநோயில், கட்டியிலுள்ள 21 மரபணுக்களின் வெளிப்பாட்டை அளக்கும் ஒரு சோதனை உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்த நோயாளிக்குக் கீமோதெரபி வேண்டுமா, வேண்டாமா என்று முடிவெடுக்க மருத்துவர்கள் அதையும் பார்க்கிறார்கள்.