மாடு நிற்கும், மோட்டார் நிற்காது!

பாரம் தாங்கவில்லை என்றால் காளை மாடு என்ன செய்யும்? மேட்டில் பாதி தூரம் போகும். வாயில் நுரை தள்ளும். அப்புறம் படுத்துக்கொள்ளும். வண்டிக்காரர் இறங்கி, நாலு மூட்டையை இறக்கித்தான் ஆக வேண்டும்.

மின்சார மோட்டார் அப்படி அல்ல. "என்னால் முடியாது" என்று அது சொல்லாது. வாய் திறக்காமல் இழுக்கும். இழுத்துக்கொண்டே உள்ளுக்குள் வேகும். ஒரு நாள் குப்பென்று புகை வரும். அப்போதுதான் விஷயம் தெரியும்!

பழனிக்கு வடக்கே இருக்கிறது தொப்பம்பட்டி. கிணற்றுத் தண்ணீரை நம்பிய பூமி. மக்காச்சோளம் நன்றாக விளையும். பக்கத்தில் வாகரையில், மக்காச்சோளத்துக்கென்றே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு மோட்டார் கருகுவதைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. "காயில் போய்விட்டது" என்ற ஒரு வார்த்தை போதும். அன்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. மோட்டாரைக் கழற்ற வேண்டும். வண்டியில் ஏற்றி, காயில் கட்டுகிறவரிடம் கொண்டுபோக வேண்டும். அது திரும்பி வருவதற்குள் பயிர் தலை சாய்ந்துவிடும்.

கிணற்றடியில் இருந்த அந்த மோட்டார், இப்போது வண்டியிலும் ஏறிக்கொண்டுவிட்டது.

கோல்ப் வண்டி

கொடைக்கானலும் திண்டுக்கல் மாவட்டம்தான். அங்கே 1895-ம் ஆண்டிலேயே கோல்ப் சங்கம் ஏற்பட்டது. சிறு பந்தைக் கோலால் அடித்து, வெகு தூரத்தில் உள்ள குழியில் தள்ளுகிற ஆட்டம் அது. ஆட்டம் முடிவதற்குள் மைல் கணக்கில் நடக்க வேண்டும். நடக்க முடியாதவர்கள் ஏறிப்போவதற்காக ஒரு பாட்டரி வண்டி, 1950-களில் அமெரிக்காவில் பரவியது. ஆட்டக்காரர் இரண்டு பேர், கோல் மூட்டை இரண்டு. அதற்குத்தான் அந்த வண்டி.

அதன் உறவுமுறை வண்டிகளை இன்று பல இடங்களில் பார்க்கலாம். ரயில் நிலையங்களில் முதியவர்களை ஏற்றிச் செல்கின்றன. பழனி கிரிவீதியில் பக்தர்களை ஏற்றிச் செல்கின்றன. புகை இல்லை, சத்தமும் இல்லை. "இதன் பின்னால் ஒரு டிரைலரை மாட்டினால் சோளத்தட்டு இழுக்கலாமே, தோட்டத்துக்கு எரு கொண்டுபோகலாமே!" என்று ஒரு சம்சாரிக்குத் தோன்றுவது இயற்கைதானே?

தாராளமாக இழுக்கலாம். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது.

சம தரையில், நல்ல தார் ரோட்டில், டயரில் காற்று நிறைந்திருந்தால், 1 டன் பாரத்தை உருட்ட சுமார் 15 முதல் 20 கிலோ இழுவை போதும். அதே பாரம் மேடு ஏறட்டும். 10 அடிக்கு 1 அடி உயர்கிற மேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மட்டும் இன்னும் 100 கிலோ இழுவை வேண்டும்! உழுத மண்ணில் சக்கரம் புதைந்தாலும் கிட்டத்தட்ட இதே கதிதான்.

இழுவை கூடினால் மோட்டார் அதிக மின்சாரம் குடிக்கும். மின்சாரம் 2 மடங்கானால் கம்பிச் சுருளில் உண்டாகும் சூடு 2 மடங்கு அல்ல, 4 மடங்கு. மின்சாரம் 3 மடங்கானால் சூடு 9 மடங்கு. வேதனை இதோடு நிற்கவில்லை. பல மோட்டார்களில் விசிறி அதே அச்சில்தான் இருக்கிறது. மேட்டில் வண்டி ஊர்ந்தால் விசிறியும் ஊரும். காற்று அதிகம் வேண்டிய நேரத்தில் காற்று வராது!

எத்தனை டிகிரி தாங்கும்?

செம்புக் கம்பியைக் காப்பது, அதன் மேல் இருக்கும் மெல்லிய வார்னிஷ் பூச்சுதான். எந்தப் பூச்சு எத்தனை டிகிரி தாங்கும் என்று வகை பிரித்திருக்கிறார்கள். பி வகை 130 டிகிரி, எப் வகை 155 டிகிரி, எச் வகை 180 டிகிரி. மோட்டாரின் மேல் உள்ள தகட்டில் இந்த எழுத்து அச்சடித்திருக்கும். அந்த அளவுக்கு மேல் 10 டிகிரி கூடினால் பூச்சின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. ஆகவே, "நேற்று 2 டன் இழுத்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று மார்தட்டுவதில் பொருள் இல்லை. நேற்றே ஆயுள் குறைந்திருக்கும்.

தொட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். 60 டிகிரி இருந்தாலே கை பொறுக்காது. ஆனால் வெளிக்கூட்டைவிட உள்ளே இருக்கும் கம்பி இன்னும் அதிகமாகக் கொதிக்கும். கைக்கு அது எப்படித் தெரியும்? கருகல் வாசனை மூக்குக்கு எட்டினால் காரியம் முடிந்தது என்று அர்த்தம்.

இப்போது வழி இருக்கிறது. தெர்மிஸ்டர் என்று ஒரு சிறு மணி, மிளகு அளவுதான். அதைக் கம்பிச் சுருளின் நடுவே பதிக்கிறார்கள். சூடு மாறினால் அதன் வழியே மின்சாரம் பாயும் அளவும் மாறும். வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டி இதைக் கண்டு, முதலில் விளக்கைக் காட்டும். பிறகு மின்சாரத்தைக் குறைக்கும். கடைசியில் நிறுத்தியேவிடும். தெர்மிஸ்டர் இல்லாத பழைய வண்டிக்கு, தொடாமலே சூடு பார்க்கும் துப்பாக்கி போன்ற கருவி கடையில் கிடைக்கிறது. பளபளக்கும் உலோகத்தின் மேல் காட்டினால் அது தவறாகக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி அதன் மேல் காட்ட வேண்டும்.

கிணற்று மோட்டாருக்கும் இத்தகைய காவலாளி உண்டு. ஸ்டார்ட்டரில் இருக்கும் ரிலேதான் அது. வோல்டேஜ் குறைந்து மோட்டார் அதிக மின்சாரம் இழுத்தால், ரிலே விழுந்து காப்பாற்றும். சில இடங்களில் அது விழாமல் இருக்கக் குச்சி சொருகி வைக்கிறார்கள். கூர்க்காவின் கையைக் கட்டிவிட்டுத் தூங்கப் போவது போன்ற வேலை!

பாரம் இழுப்பதற்கென்றே செய்த மின்சார வண்டியும் நம் நாட்டில் உண்டு. துர்காப்பூரில் உள்ள மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சிறிய மின்சார டிராக்டர், 2023-ல் வெளியிடப்பட்டது. அதற்குச் சொல்லப்பட்ட அளவு, 1.8 டன் டிரைலர். டிராக்டருக்கே கணக்கு அவ்வளவுதான் என்றால், ஆட்டக்காரர்களை ஏற்றிச் செல்லப் பிறந்த வண்டிக்கு எவ்வளவு இருக்கும்?

இன்னொரு சங்கதி. மேட்டின் நடுவில் சூடு மிஞ்சி வண்டி நின்றுவிட்டால், பின்னால் இருக்கும் டிரைலர் அதைக் கீழே இழுக்கும். கோல்ப் வண்டியின் பிரேக் அந்தப் பாரத்துக்குச் செய்ததல்ல. மாட்டு வண்டிக்காரர்கள் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார்களே, அந்தக் கட்டை இரண்டு இதிலும் இருக்க வேண்டும். குழந்தைகள் டிரைலரில் தொற்றிக்கொண்டு வரக் கூடாது.

நின்ற வண்டியை உடனே கிளப்பவும் கூடாது. விசிறி நின்றதும், உள்ளே இருந்த சூடு வெளிக்கூட்டுக்கு வரும். சில நிமிஷங்களுக்குக் கூட்டின் உஷ்ணம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அரை மணி நேரம் நிழலில் நிற்கட்டும். அதற்குள் பாதி மூட்டையை இறக்கி ஓரமாக அடுக்கிவிட்டால், மிச்சத்தை இரண்டாம் நடையில் கொண்டுபோகலாம்.